சிலம்பாயி செய்தது சரியே

ஒரு விஷயம் தப்பு என்று பட்டுவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. அதனால்தானோ என்னவோ கம்பெனியில் என்னைச் செக்கிங் டேபிளில் போட்டார்கள். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மண்ணரையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் என்னிடமிருந்து பீஸ் திரும்பி வராத டெய்லரே கிடையாது. உசிலம்பட்டியிலிருந்து வந்தவளுக்கு இவ்வளவு திமிரா என்று முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

2007இல் நான் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பாடத்தில் இருந்த நாவலில் சிலம்பாயி என்று ஒருத்தி. கண்மாய்க் கரையை வெட்டிவிட்டது அவள் புருஷன். பழி வேறொருவன் மேல் விழுகிறது. பஞ்சாயத்தில் சிலம்பாயி எழுந்து நின்று, "வெட்டினது என் புருஷன்தான்" என்று சொல்லிவிடுகிறாள். புருஷன் ஜெயிலுக்குப் போகிறான். அவள் செய்தது சரியா, தவறா? ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் எழுதி, அதை மறுக்க வேண்டும்.

எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 'சிலம்பாயி செய்தது சரியே' என்று தலைப்பைப் போட்டேன். அதோடு நின்றது. எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். ரூமுக்குப் போய்ச் சோறாக்கித் தின்றுவிட்டுப் பேனாவைப் பிடித்தால் கண் சொக்கிவிடும். அனுப்ப வேண்டிய தேதி போய், அபராதத்தோடு அனுப்பும் தேதியும் நெருங்கிவிட்டது.

எழுத நேரமில்லாதவள் பேசத்தானே செய்வாள்? டீ நேரத்தில் சிலம்பாயியை எடுத்து நடுவில் வைத்தேன். எதிர்த்தரப்பைத் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை.

"ஏம்புள்ள, கட்டுனவனையே காட்டிக் குடுத்துப்போட்டு, ஊட்டுல போயி எப்படிச் சோறு திங்கறது?" என்றார் நஞ்சம்மாள் அக்கா. வெள்ளகோவில்காரர். என் டேபிளில் எனக்கு எதிரே நின்று செக்கிங் பார்ப்பவர். மதியம் அவர் குழம்பும் என் பொரியலும் ஒரே தட்டில்தான்.

"மாட்டிக்கிட்டவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பால்லக்கா? அவ எதைத் திம்பா?"

ஓவர்லாக் டெய்லர் அந்தோணிராஜ் சாத்தான்குளத்துக்காரன். "அவ வாய மூடிட்டு இருந்திருந்தா நாவலு அங்கனயே முடிஞ்சிருக்கும்லா. நமக்கும் நிம்மதி" என்றான்.

நான் விடவில்லை. ஒரு வாரம் பேசினேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மூடுகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் சொன்னேன். கடைசியில் அயர்னிங் செக்‌ஷன்வரை சிலம்பாயி பிரபலம் ஆகிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆடிட் வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆள் அனுப்பி, சட்டப்படிதான் வேலை வாங்குகிறார்களா என்று தொழிலாளர்களிடம் தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள். கம்பெனியில் அதற்கு ஒத்திகை நடக்கும். கவரிலிருந்து புது மாஸ்க் வரும், பாத்ரூமுக்குச் சோப்பு வரும். ஆடிட் முடிந்ததும் இரண்டும் போய்விடும். "எட்டரை டு அஞ்சரை, ஞாயித்துக்கிழமை லீவு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிப் பழக வேண்டும்.

ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தோணிராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நஞ்சம்மாள் அக்காவும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஃப்ளோர் முழுக்க என்னையே பார்த்தது. சிலம்பாயியை ஆடிட்காரர்கள் கூப்பிட்டுவிட்டால் என்ன ஆவது?

மேனேஜர் ஞானசம்பந்தம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். திருநீறும் மரியாதையுமாக இருக்கும் மனிதர். திட்டுவதைக்கூட வாங்க போங்க என்றுதான் திட்டுவார்.

"உக்காருங்க அம்மிணி. கட்டுரை எழுதறீங்களாமா?"

"ஆமா சார்."

"அந்தப் பொம்பள பண்ணுனது தப்புங்க. அவளுக்குப் பையன் இருக்கறானுங்களா?"

"ஒருத்தன் இருக்கான் சார்."

"பாத்தீங்களா! அப்பன் ஜெயில்ல இருக்கறான்னா அந்தப் பையனுக்கு நாளைக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்? அதை அவ ரோசன பண்ணோணுமா வேண்டாமா? இதை எழுதுங்க."

சொல்லக் கூடாதுதான். ஆனால் அதுவரை கிடைத்த எதிர்வாதங்களிலேயே அதுதான் உருப்படியானது. நான் தலையாட்டியதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மத்தியானம் லீவு எடுத்துக்குங்க. சம்பளம் புடிக்க மாட்டோம். நிதானமா மாத்தி எழுதுங்க" என்றார்.

ரூமுக்கு வந்து அவர் வாதத்தை அப்படியே எதிர்த்தரப்பில் எழுதினேன். எழுதி, மறுப்பில் அதைக் கிழி கிழி என்று கிழித்தேன். மறுபக்கம் திருப்புவதற்குள் மத்தியானம் முடிந்துவிட்டது.

மறுநாள் ஆடிட். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். வருகைப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்ததுபோல் ஆறு பேரைக் கூப்பிட்டார். நாலாவது பெயர் நாகஜோதி. அது நான்தான். ஃப்ளோரில் மிஷின் சத்தம் ஒரு நிமிஷம் குறைந்தது. நஞ்சம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, கதை வேற, கம்பெனி வேற. ஆர்டர் போச்சுன்னா அத்தன பேரு பொழப்பும் போச்சு."

"தெரியும்க்கா" என்றேன். சத்தியமாகப் பொய் சொல்லத்தான் போனேன். அந்தோணிராஜ் தங்கச்சி கல்யாணத்துக்கு அரை ஷிப்ட் கூலியைத்தான் நம்பியிருந்தான். எனக்கு என்ன, கல்லா மனசு?

மேடம் முதலில் வேலை நேரம் கேட்டார். "எட்டரை டு அஞ்சரை மேடம்." ஞாயிறு? "லீவு மேடம்." வாய் கூசவே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எழுந்திருக்கப் போகும்போது அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். "சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்க?"

இது ஒத்திகையில் இல்லை. "தபால்ல பி.ஏ. படிக்கிறேன் மேடம். கட்டுரை எழுதுறேன்."

"அட! முடிச்சாச்சா?"

"இல்ல மேடம். போன மாசமே அனுப்பியிருக்கணும்."

"தினமும் அஞ்சரைக்கே வீட்டுக்குப் போயிடறீங்க. அப்புறமும் முடிக்கலையா?" அவர் சிரித்தார். "டிவி சீரியல் உங்களை விடாதே!"

அவர் வேறு எது சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று, கண் எரிய பீஸ் பார்த்து, பேனாவைப் பிடித்தபடியே தூங்கி விழுகிறவளைப் பார்த்து சீரியலா? எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாரு மேடம் அஞ்சரைக்கு விடுறா? எட்டரை ஆகும். எங்க ரூம்ல டிவியே கிடையாது!"

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

ஆர்டர் போகவில்லை. ஆனால் வேலை நேரத்தைச் சரிசெய்ய வேண்டும், மூன்று மாதம் கழித்து வந்து பார்ப்போம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் அஞ்சரைக்கு கேட்டைத் திறந்து எங்களை வெளியே தள்ளினார்கள். அரை ஷிப்ட் கூலி போயிற்று. யார் சொன்னது என்று மேடம் வெளியே விடவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

ஞானசம்பந்தம் சார் மட்டும் மரியாதை குறையாமல், "கட்டுரை முடிஞ்சுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். அந்தோணிராஜ் என்னைக் கண்டதும் மிஷின் மேல் குனிந்துகொண்டான். மதியம் நான் டிபனைத் திறந்தபோது நஞ்சம்மாள் அக்கா தன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அயர்னிங் பக்கம் போய்விட்டார். பொரியலோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. ஆனாலும் சோற்றைத் தின்னாமல் டிபனை மூடி வைத்தேன்.

இப்போது சாயங்காலம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. பேச ஆளில்லாததால் இன்னும் நிறைய இருந்தது. நாவலைத் திரும்பவும் எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். சிலம்பாயி உண்மையைச் சொல்கிறாள், ஊர் தலைகுனிகிறது, முற்றும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுதியிருந்ததையெல்லாம் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

'ஊர் தலைகுனிந்தது என்று ஆசிரியர் முடித்துவிட்டார். மறுநாள் காலை சிலம்பாயி குடத்தோடு கிணற்றடிக்குப் போயிருப்பாள். ஒருத்தியும் நகர்ந்து இடம் விட்டிருக்க மாட்டாள். பழியிலிருந்து தப்பியவனின் பெண்டாட்டிகூட மற்றவர்களுக்குப் பயந்து முகத்தைத் திருப்பியிருப்பாள். சிலம்பாயி எல்லோருக்கும் பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் நியாயத்துக்காகச் சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது. ஆயினும் அவள் செய்தது சரியே.'

கடைசி வரியை எழுதும்போது அழுதுவிட்டேன். பழைய ஜோரில் எழுத முடியவில்லை. ஆனால் மாற்றி எழுதவும் கை வரவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது. இருபத்தைந்துக்குப் பதினொன்று. ஓரத்தில் சிவப்பு மையில், 'நாவலில் கிணற்றடிக் காட்சி இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

இல்லாவிட்டால் என்ன? அங்கே குடத்தோடு நின்றுகொண்டிருப்பவள் நான்.