பகிடி என்று எழுதிய கடுதாசி

ஸம்றா எதிரணிப் பிள்ளையின் முகத்தில் பந்தை எறிந்தது பிழைதான். வலைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் றபீக்கா டீச்சரே அதை ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் அந்தப் பிள்ளை ஆட்டம் முழுக்க ஸம்றாவின் காதுக்குள் “கோனி பில்லா, கோனி பில்லா” என்று சொல்லிக்கொண்டே நின்றதை றபீக்கா சொல்லும்வரை விசாரணை மேசையில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. சிங்களத்தில் சாக்கு மூடிய பேய் என்று அர்த்தம். பர்தா போட்ட பெண்களைப் பார்த்து பஸ்ஸிலும் சந்தையிலும் எறிகிற சொல்.

இன நிந்தனை என்று முடிவானால் ஸம்றாவுக்குத் தடை இல்லை. வெறும் பகிடி, விளையாட்டுப் பேச்சு என்று முடிவானால் ஒரு வருடத் தடை. பாடசாலையில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். மாவட்ட அணியும் கைவிட்டுப் போகும்.

“அது சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் காட்டுற பேய்தானே, டீச்சர். சமயத்தைப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே,” என்றார் விசாரணைக் குழுத் தலைவர். சிங்களவர்; தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

றபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப தலை மூடாத புள்ளையள் ஒண்டுக்கும் ஏன் சேர் அதச் செல்லல்ல?”

தலைவர் கோப்பிலிருந்து ஒரு சிங்களக் கடுதாசியை எடுத்து நீட்டினார். “போன வருசம் உங்கட அணியில வெளாடின ஸப்னாவுக்கும் இதே சொல்தான் சொன்னாங்க. பகிடி எண்டு நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்து வச்சிருக்கீங்க.”

கையெழுத்து றபீக்காவுடையதுதான். கல்முனை பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில், ஒரு எழுத்தும் விளங்காமல், காட்டிய இடத்தில் போட்டது. நம்மூர் ஆட்கள் அலுவலகத்தில் அப்படித்தானே போடுகிறார்கள். ஸப்னா அதற்குப் பிறகு பந்தைத் தொடவேயில்லை. தன் கையையே அறைய வேண்டும் போல் றபீக்காவுக்கு ஆத்திரம் வந்தது.

“வாசிக்காமப் போட்டன். அது என்ட பிழை.”

தலைவர் இன்றைய கடுதாசியைத் தள்ளினார். “இதிலயும் வைங்க. தடையை ஒரு மாசமாக் குறைக்கிறன்.”

வாப்பாவின் கடையில் நின்று சிங்களம் படித்தவள் ஸம்றா. டீச்சரின் பக்கத்தில் நின்றவள், வரி வரியாக விரல் வைத்து வாசித்தாள். “இதுலயும் பகிடி எண்டுதான் இரிக்கி டீச்சர். வெக்காதீங்க.” விரலை எடுத்தாள். “நான் வெளாடாட்டியும் பரவாயில்ல.”

றபீக்கா பேனையை எடுத்தார். சிங்கள வரிகளுக்குக் குறுக்கே, பெரிய பெரிய தமிழ் எழுத்தில், ‘இது பகிடி இல்லை, இன நிந்தனை’ என்று எழுதினார். கீழே கையெழுத்து வைத்து, கடுதாசியைத் தலைவர் பக்கம் திருப்பினார்.

“இத வாசிக்க இனி நீங்க ஒரு ஆளத் தேடுங்க சேர்.”