சிவப்பு விழுந்த சொற்கள்

'ஹிப்' என்று சொன்னால் போனில் பச்சை. 'ரிப்' என்று சொன்னால் சிவப்பு. வேல்விழிக்கு இதுதான் பிடிபடவே இல்லை. இரண்டிலும் ஒரே இகரம், இரண்டும் குறில், இரண்டும் வாயில் ஒரே அளவுதான் நிற்கின்றன. பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியைப் பதினோரு வருஷமாகக் கையால் இழுத்துப் பார்த்து பாஸ் போடுகிறவள் அவள். அதன் பெயரைச் சொல்லத் தெரியவில்லை என்று ஒரு போன் சொல்லிற்று.

மண்ணரைப் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் டேபிளில் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு வீடியோவில் பேசி, சட்டையைக் காட்டி விளக்கும் குவாலிட்டி இன்சார்ஜ் இடம் காலியாகியிருந்தது. வேலை தெரிந்தவர்களில் அவள்தான் மூத்தவள். ஆனால் ஆங்கில உச்சரிப்பைச் சோதிக்கும் போன் செயலியில் எழுபது மார்க் வாங்க வேண்டும். வாய்ப்பு மூன்று. இரண்டு போயாயிற்று, இரண்டிலும் ஐம்பத்தெட்டு. மூன்றாவது இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பயிற்சி கொடுத்தது மோனிஷா, முதலாளியின் அண்ணன் மகள். "ஷார்ட் வவல்னா வெட்டிருங்க, லாங் வவல்னா இழுங்க. நம்ம குறில் நெடில் மாதிரியே தானுங்க" என்று பாடம் நடத்தியிருந்தாள். வேல்விழி அப்படியே செய்தாள். குறிலை வெட்டினாள், நெடிலை இழுத்தாள். மார்க் குறைந்ததும் தாளில் மோனிஷா ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்: தாய்மொழித் தாக்கம்.

"அப்படின்னா என்ன மேடம்?"

"உங்க சைடு பேச்சே வெடுக்கு வெடுக்குன்னு தானுங்களே. உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் நாக்கு வளையாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? செக்கிங் டேபிளில் ஒரு சட்டையை ஒதுக்கினால், கோளாறு எங்கே என்று காட்ட அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறையா, ஓட்டையா? அம்பு இல்லாமல் ஒதுக்கினால் தைத்தவள் சண்டைக்கு வருவாள். நியாயமும் அவள் பக்கம்தான் இருக்கும். ஒரு உள்பனியனுக்குக் கிடைக்கும் அந்த மரியாதைகூடத் தன் நாக்குக்குக் கிடைக்கவில்லையே என்று வேல்விழிக்குக் கோபம் வந்தது. பயிற்சிக்கு வந்த பதினான்கு பெண்களின் தாளிலும் அதே ஒரே வரி. ஒருத்திக்கும் அம்பு இல்லை.

சரி, நானே ஒட்டுகிறேன் என்று காலை டீ நேரத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் பிரித்துப் போட்டாள். பச்சையில் ஹிப், செட், நெக், மடிப்புக்குச் சொல்லும் பிளீட். சிவப்பில் ரிப், நூலுக்குச் சொல்லும் திரெட், விலைச்சீட்டுக்குச் சொல்லும் டேக், சட்டைக் கைக்குச் சொல்லும் ஸ்லீவ். இரண்டு பக்கமும் குறில் இருந்தது, நெடிலும் இருந்தது. ஆகவே குறிலா நெடிலா என்பதில் கோளாறு இல்லை.

செயலியில் ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரிக் குரலின் ஒலி அலை தெரியும். அதற்குக் கீழே நம்முடையது. நடுவில் தடித்துப் புடைத்திருப்பதுதான் உயிரொலி. கண்ணால் பார்த்து முடிவு சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் திரைமேல் வைத்தாள்.

"ஏனுக்கா, போனுக்குச் சட்டை தெக்கறியா?" என்றாள் பக்கத்து டேபிள் ஜெயசுதா.

"ஆமா, கையில்லாத சட்டை. சும்மா இருடி."

மாதிரிக் குரலில் ஹிப் இரண்டு சென்டிமீட்டர். ரிப் மூன்று. அவளுடைய ஹிப்பும் இரண்டு, ரிப்பும் இரண்டு. அடுத்ததை வைத்ததும் அவள் புருவம் ஏறிற்று. பிளீட் நெடில், அதுவும் மூன்றுதான். ஸ்லீவும் நெடில், அது நாலரை; அவளுடையது மூன்றுதான். அதாவது குறிலான ரிப், நெடிலான பிளீட் அளவுக்கு நீண்டிருந்தது. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்கிற நம் மாத்திரைக் கணக்கு ஆங்கிலத்தில் செல்லவில்லை. அங்கே குறிலும் நெடிலும் நாக்கு நிற்கும் இடத்தில்தான் முக்கியமாக வேறுபடுகின்றன. நீளத்தை வேறு ஏதோ ஒன்றும் ஆட்டிவைக்கிறது.

எது? மாதிரிக் குரலைப் போலச் சொல்லிக்கொண்டே தொண்டையில் விரலை வைத்தாள். ஹிப் முடியும்போது தொண்டை சும்மா இருந்தது. ரிப் முடியும்போது அதிர்ந்தது. தமிழில் 'கப்பல்' என்பதில் வரும் ப அதிராது, 'கம்பு' என்பதில் வரும் ப அதிரும். நமக்கு எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. திரெட்டின் முடிவு 'வண்டி'யின் ட, டேக்கின் முடிவு 'சங்கு'வின் க. ஸ்லீவின் முடிவும் அதிர்ந்தது. பச்சைச் சொற்களில் ஒன்றுகூட அதிரவில்லை.

நாக்கு நன்றாகத்தான் வளைந்தது. பாடத்தைக் கேட்டு, குறில் நெடிலை மட்டும் பார்த்து அளவு வைத்ததுதான் தப்பு. அது தெரிந்ததும் நிம்மதி வரவில்லை, கோபம்தான் இரட்டித்தது.

மதியம் எண்பத்து மூன்று மார்க் வந்தது. மோனிஷா திரையை இரண்டு தடவை பார்த்தாள்.

"ஆப்ல ஏதாச்சும் மாத்திட்டாங்களாட்ட இருக்குதுங்க."

"மாத்துனாகளா என்னன்னு நீங்களே சொல்லிப் பாருங்க மேடம்" என்று வேல்விழி போனை நீட்டினாள். "ரிப்னு சொல்லுங்க."

மோனிஷா தன் பாடப்படியே குறிலை வெட்டிச் சொன்னாள். சிவப்பு. இன்னொரு தடவை சொன்னாள். மறுபடியும் சிவப்பு. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"நீங்க எந்த ஊரு மேடம்?"

மோனிஷா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்சார்ஜ் வேலையை நான் நாளைக்கே எடுத்துக்கிறேன். அதுக்கு முன்னால அந்தப் பதினாலு தாளையும் எடுங்க. தாய்மொழின்னு எழுதியிருக்கிற வரியை அடிங்க. எங்க பேச்சு மேல பழியைப் போட்டுட்டு, எது தப்புன்னு ஒருத்திக்கும் சொல்லாம விட்டுட்டீக."

"என்னனுங்க எழுதறது?" மோனிஷா பேனாவை எடுத்தாள்.

வேல்விழி நிதானமாகச் சொல்ல, அவள் எழுதினாள். சொல்லின் கடைசி மெய்யொலி தொண்டையில் அதிர்ந்தால், அதற்கு முன்னால் வரும் உயிரொலி குறிலாக இருந்தாலும் நெடிலாக இருந்தாலும் ஒன்றரை மடங்கு நிறுத்திச் சொல்ல வேண்டும். அதிராவிட்டால் சட்டென்று முடிக்க வேண்டும்.