ஓராள் பிரிவு

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் ஆறு மேசைகள் இருந்தன. உட்காருவதற்குக் கார்குழலி ஒருத்திதான் இருந்தாள். நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்கு நகராட்சி யாரையும் போடவில்லை. வவுச்சரில் கூலி வாங்கும் தற்காலிக ஊழியராக இருந்த பூவிழி, பத்து வருஷமாகியும் நிரந்தரம் செய்யாத வெறுப்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு விண்ணப்பம் வாங்குவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, முத்திரை குத்துவது, சாயங்காலம் ஜன்னல் சாத்துவது எல்லாம் கார்குழலிதான். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்கு உரியது. அதுவும் சில மாதம் பத்தாம் தேதி தாண்டித்தான் வரும். கையெழுத்துப் போட வேண்டிய பதிவாளர் கலைவாணனுக்கு மூன்று அலுவலகங்கள். இங்கே வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் தலைகாட்டுவார்.

ஏப்ரலில் கார்குழலியின் கணவன் இளஞ்செழியன் இறந்துபோனான். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டராக இருந்தவன். நெஞ்சு வலிக்கிறது என்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனான், விடிவதற்குள் இல்லை. பிள்ளைகள் கிடையாது.

கருமாதி அன்றைக்கும் அவள் போன் அடித்தது.

"மேடம், பொண்ண ஸ்கூல்ல சேக்கணும். நாலு தடவ வந்துட்டேன், பூட்டியே கெடக்குது. எப்ப வருவீங்க?"

"நாளைக்கு வந்துடறேன்" என்றாள். எதற்கு லீவு என்று அந்த ஆள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் மேசைமேல் நூற்று நாற்பது விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தவள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இறப்புத் தாள்களைப் புரட்டும்போது கணவன் பெயரைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். சொந்தக் குடும்பத்துப் பதிவை அந்த ஊழியரே செய்யக் கூடாது என்பது அந்த அலுவலகத்து நடைமுறை. கலைவாணனுக்குப் போன் செய்தாள்.

"நீங்களே ஏத்திடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? சரி, வியாழக்கிழம வந்து பாக்கறேன்."

முதல் வியாழன் அவருக்கு மீட்டிங். இரண்டாவது வியாழன் சம்பளக் கமிஷன் நிலுவை கேட்டு ஊழியர்கள் தர்ணா. கார்குழலியும் போய்ப் பந்தலில் உட்கார்ந்தாள். வேறு பிரிவுப் பெண்கள் இருபுறமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மற்றவர்களோடு சேர்ந்து தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டாள். கூட்டம் கலைந்த பிறகும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மூன்றாவது வியாழன் அவர் வந்தார், அவசரமாகக் கையெழுத்துகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாங்கில் சான்றிதழ் கேட்டார்கள். காஸ் இணைப்பு மாற்றவும் கேட்டார்கள். "நீங்க அங்கதான வேல செய்றீங்க, இன்னுமா வாங்கல?" என்றாள் பாங்குப் பெண்.

நான்காவது வியாழன் கலைவாணன் ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "எழுந்திருங்கம்மா, இன்னைக்கு முடிச்சிடலாம்" என்றார். அவள் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் வெளியே போய்க் கவுண்டர் முன்னால் நின்றாள்.

"எறந்தவர் பேரு?"

"இளஞ்செழியன்."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"எங்க எறந்தாரு? வீட்லயா, ஆஸ்பத்திரிலயா?"

"ஆஸ்பத்திரில. விடிகாலம் நாலு மணி இருக்கும். தண்ணி கேட்டாரு சார். குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் வெளிய வந்து..."

படிவத்தில் அதற்கு இடமில்லை. கலைவாணன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நீங்க என்ன உறவு?" என்றார். கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

"சம்சாரம்."

தினம் இருபது பேரிடம் அவள் கேட்கிற கேள்விகள்தான். இந்த ஒன்றரை மாதத்தில் அவளிடம் யாரும் கேட்டதில்லை. இன்னும் நாலு கேள்வி இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஐந்து பிரதிகளைக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த அலுவலகத்துக்குக் கிளம்பினார். அவள் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து வரிசையைக் கூப்பிட்டாள்.

முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து, அரை ஆழாக்கு அரிசியை உலையில் போட்டுவிட்டுத்தான் சான்றிதழைப் பிரித்துப் படித்தாள். வயது எண்பத்தைந்து என்றிருந்தது. கலைவாணன் எண்களை மாற்றித் தட்டியிருந்தார்.

"எம்பத்தஞ்சாம்!" என்றாள் சத்தமாக. மாதம் தவறாமல் தலைக்கு டை அடித்துக்கொண்டவன். சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் தேடுவது போல் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள். இரண்டு அறையிலும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

திருத்தத்துக்குத் தனி விண்ணப்பம். அதையும் அவள் கையால் ஏற்ற முடியாது. மறுபடி வெளியே நிற்க வேண்டும், அவர் மறுபடி பெயரிலிருந்து கேட்டு வருவார். ஏனோ அவர்மேல் கோபமே வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு விண்ணப்பத்தை நிதானமாக எழுதி முடித்துப் பையில் வைத்தாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.