மூன்று முறை கேட்க வேண்டும்

முதல் வருடம் பல்கலைக்கழகத்தின் பாரசீக வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இந்தப் பாடத்தில் மதிப்பெண் அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி வந்த கூட்டம் அது. வினைச்சொற்கள் தொடங்கியதும் பாதி கழன்றுகொண்டது. பரீட்சை முடிந்ததும் மீதியிலும் பெரும்பகுதி நழுவியது. இடைநிலை வகுப்புக்கு வந்து சேர்ந்தது ஐந்தே பேர். நால்வருக்கு இருபது வயது. ஐந்தாவது ஆளுக்கு நாற்பத்தொன்று.

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் அவளுக்கு வேலை. அதனால் பிள்ளைகள் அவளைப் பல்லக்கா என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் பேராசிரியை "ஜோடி ஜோடியா பேசுங்க" என்றதும் நால்வரும் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு ஜோடியாகிவிடுவார்கள். பல்லக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே முணுமுணுத்துக்கொள்வாள். எங்கே குடியிருக்கிறீர்கள்? மாடியில், ஓர் அறையில். யாருடன்? அந்தக் கேள்வி வந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அண்ணன். பாலம் கட்டும் வேலைக்கு வெளிநாடு போனவன், அங்கேயே ஒரு பாரசீகக்காரியைக் கட்டிக்கொண்டான். தங்கையும் அண்ணியும் பேச வேண்டுமானால் நடுவில் அவன் வேண்டும். இவள் சொல்வதை அங்கே சொல்வான், அங்கே சொல்வதை இங்கே சொல்வான். இடையில் தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் கலந்துவிடுவான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அதன்பிறகு தொலைபேசியின் இரண்டு முனையிலும் இரண்டு பெண்கள் அழுதார்கள். ஆறுதல் சொல்ல இருவருக்கும் பொதுவான ஒரு மொழி இல்லை. அண்ணன் மகள் மட்டும் இடையில் வந்து "அம்மே, அம்மே" என்றது. தன்னை அம்மா என்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரம்தான் தெரிந்தது, பாரசீகத்தில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

முதல் வருட முடிவில் அவள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். நீங்களும் குழந்தையும் இங்கே வந்து என்னோடு இருங்கள். பத்து நாள் மனப்பாடம் செய்து அண்ணியிடம் ஒப்பித்தாள். "வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் அண்ணி. பல்லக்காவிடம் அடுத்த வாக்கியம் கைவசம் இல்லை. "சரி" என்றாள். அதற்குப் பிறகு அண்ணியின் அழைப்புகள் மெல்லக் குறைந்தன.

இடைநிலைப் புத்தகத்தின் ஆறாவது பாடம் உபசாரம். பேராசிரியை மேசையில் ஒரு காலிக் கோப்பையை வைத்து நடித்துக் காட்டினார்.

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்டதும் வாங்கிக் குடிச்சிட்டா, அலையறான்னு நினைப்பாங்க. முதல் தடவை வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவையும் சிரமப்படாதீங்கன்னு சொல்லணும். மூணாவது தடவை கேட்டாத்தான் வாங்கிக்கணும்."

நான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். பல்லக்கா அந்த மூன்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பேராசிரியை அருகில் வந்ததும் கேட்டாள்.

"மேடம், டீக்கு மட்டும்தானா? வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டாலும் இப்படியா?"

"எல்லாத்துக்கும்தான்."

"ஒரு தடவையோட நிறுத்திட்டா?"

"ஒப்புக்குக் கேட்டதா எடுத்துப்பாங்க. ஏன், யாரைக் கூப்பிட்டீங்க?"

அவள் சொன்னாள். பேராசிரியை அவளுடைய நோட்டை வாங்கி, இரண்டாம் அழைப்புக்கும் மூன்றாம் அழைப்புக்கும் வேண்டிய வாக்கியங்களை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். "மூணாவதுக்கும் வேண்டாம்னு சொன்னா, அது நிஜமான வேண்டாம். விட்டுடுங்க" என்றார்.

விடுமுறை நாள் காலையில் அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் முறை கேட்டாள். அண்ணி வேண்டாம் என்றாள். இரண்டாம் முறை கேட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். மூன்றாம் முறையும் கேட்டாள். அண்ணியின் சிரிப்பு நின்றது. இவளுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

"போன வருஷம் ஏன் ஒரு தடவையோட விட்டுட்ட?"

"எனக்கு அவ்வளவுதான் பேசத் தெரியும், அண்ணி."

"இன்னொரு தடவை கேட்டிருந்தா வந்திருப்பேன். பெட்டியைக்கூடப் பரண்லேர்ந்து இறக்கி வெச்சிருந்தேன்."

இப்போது முடியாது என்றாள் அண்ணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒருவர், நல்ல மனிதர், குழந்தையிடம் பிரியமாக இருக்கிறார், அவரோடு அடுத்த மாதம் கல்யாணம். இவள் வாழ்த்துச் சொன்னாள். அது முதல் வருடப் பாடம், தடுமாறாமல் வந்தது.

"நீ கல்யாணத்துக்கு வா" என்றாள் அண்ணி.

"வேண்டாம் அண்ணி, உங்களுக்குச் சிரமம்."

"என்ன சிரமம்? வா."

"இல்லை, பரவாயில்லை."

மூன்றாவது அழைப்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணி அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அன்று முழுக்கத் தொலைபேசி மறுபடி அடிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. குழந்தை தன் கையாலேயே எடுத்த நாற்பது நிமிடப் படத்தை அனுப்பியிருந்தது. பல்லக்கா மதியச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தாள். யாரும் இவளுக்காக நிறுத்திப் பேசவில்லை. எல்லோரும் அவரவர் வேகத்தில் பேசினார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட எல்லாம் புரிந்தது. நாற்காலி போதவில்லை என்று ஒருவர் குறைப்பட்டார். மாப்பிள்ளையின் செருப்பைக் கிண்டல் செய்தார்கள். அவளைத் தவிர எல்லோரோடும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சோறு தட்டிலேயே காய்ந்தது. முப்பதாவது நிமிடத்தில் ஒரு வயதான பெண்மணி, யாருக்காக எடுக்கிறாய் என்று குழந்தையைக் கேட்டாள்.

"என் அம்மேக்கு."

"அவங்க ஏன் வரலை?"

"அம்மா கூப்பிட்டாங்க. அவங்களும் எங்க அப்பா மாதிரிதானாம். வேண்டாம்னு சொன்னா நிஜமாவே வேண்டாமாம்."

அவள் படத்தை நிறுத்தினாள். கை கழுவிவிட்டு வந்து, புத்தகத்தைப் பார்க்காமல், குரல் செய்தி அனுப்பினாள். எனக்கு அங்கே வர ஆசை, அண்ணி. அன்று பொய் சொன்னேன். நான் வரட்டுமா? வினைச்சொல்லில் தப்பு என்று அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் மெழுகில் பதித்த பல்வரிசைகள் ஒன்றுகூட மேலும் கீழுமாகக் கடியில் சேரவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணியிடமிருந்து வந்தது: கோடை விடுமுறையில் வா, குழந்தையின் அறையில் படுத்துக்கொள்ளலாம்.

பரீட்சையில் தேறினாள். ஆள் போதாது என்று அடுத்த நிலை வகுப்பைப் பல்கலைக்கழகம் நடத்தவில்லை. நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

பல்செட் கூடத்து முதலாளியிடம் விடுப்பு கேட்டாள். அவர் பத்து வருடத்தில் அவள் விடுப்பு கேட்டுப் பார்த்ததில்லை.

"எங்க போறீங்க?"

"அண்ணி வீட்டுக்கு."

"அவங்கதான் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களே. இன்னும் என்ன அண்ணி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த உறவுக்குத் தமிழிலும் பெயர் இல்லை, பாரசீகத்திலும் அவள் படித்தவரை இல்லை.

"அங்க என் மருமக இருக்கா சார். அண்ணன் பொண்ணு."

அவர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நாள். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த முழு செட்டை முடிச்சுடுங்க" என்றார்.

"முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் விளக்கைப் பற்றவைத்து மெழுகை இளக்கத் தொடங்கினாள்.