ஒரு சாக்பீஸ் நேரம்

1

வீல் என்று அலறியது அலாரம். அக்காவின் விரலில் மாட்டியிருந்த கருவி...

(இந்த வரியை அடித்துவிட்டேன். அலாரம் அலறியபோது நான் ஊரிலேயே இல்லை. பக்கத்து அறையில் இருந்தவர் அக்காவின் கணவர், என் மாமா. அக்கா இறந்த மூன்றாம் வாரம் அவருடைய கரும்பலகை விளிம்பில் ஒரு சாக்பீஸைப் பார்த்தேன். நுனி மட்டும் தேய்ந்திருந்தது. இந்தக் கதை பிறந்தது அதிலிருந்துதான்.)

2

மாமா இயற்பியல்காரர். ஈர்ப்பு விசையையும் அணுவுக்குள் நடக்கும் கூத்தையும் ஒரே சமன்பாட்டில் கட்டிப்போடப் பார்க்கும் கூட்டம். அப்படிக் கட்டினால் சமன்பாட்டில் காலம் என்பதே காணாமல் போய்விடுகிறதாம். ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறியது, அவ்வளவுதான் மிச்சம். மனுஷர் வீட்டுக் கடிகாரத்தையே கழற்றிவிட்டார். எழுதித் தேயும் சாக்பீஸ்தான் நேரத்துக்கு அளவு.

"பால் பொங்கக் கால் சாக்பீஸ். நமக்குக் கல்யாணமாகி எத்தனை லாரி ஆச்சுங்க?" என்று அக்கா கேலி செய்வாள்.

3

அன்று மதியம் அக்காவின் ஆக்சிஜன் சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது.

"ஏங்க, சிலிண்டர மாத்தணும்."

"இந்த சாக்பீஸ் தீரட்டும், வந்துடறேன்."

(இதுவரை மாமா சொன்னது, இனி என் ஊகம்.) ஏதோ ஒரு குறியீட்டில் சிக்கிக்கொண்டு, தூக்கிய கை தூக்கியபடி நின்றுவிட்டார். எழுதவில்லை. சாக்பீஸ் தேயவில்லை. அவர் கணக்கில் நேரமே நகரவில்லை. அலாரம் கேட்டு அவர் ஓடியபோது அக்கா...

(இந்த வாக்கியம் நான்கு நாளாக இப்படியேதான் நிற்கிறது.)

4

முதல் முடிவு: சிலிண்டரை மாற்றுகிறார், அக்கா கண் திறக்கிறாள். வாரப் பத்திரிகை வாசகருக்குப் பிடிக்கும். பச்சைப் பொய்.

இரண்டாவது: காலமே இல்லையென்றால் எதுவும் கடந்துபோவதில்லை. அந்த மதியம் எங்கோ அப்படியே இருக்கிறது. ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். பிறகுதான் உறைத்தது: அப்படியானால் அக்கா அங்கே இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பேனாவை மூடிவிட்டேன்.

மூன்றாவதை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுவதாக இருந்தேன். அதற்கு முன் ஒரு மரியாதைக்காகப் பிரதியை மாமாவிடம் நீட்டினேன். மூன்றாம் பகுதியை அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு நல்ல மனசு மாப்ள. ஆனா அந்த சாக்பீஸ் தீர்ந்துடுச்சு. நீ பாத்தது, அதுக்கப்புறம், அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி நான் எடுத்தது."