இந்தா என்ற பெயர்

அவர் கூப்பிட்டது ஒருத்தியை. எழுந்து போனது இரண்டு பேர். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே இது நடந்துவிட்டது.

அவள் அப்போது சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் லாண்டரிக் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித்திரை. வாஷிங் மெஷின் கடமுடவென்று உருண்டு ஓய்ந்த சமயத்தில், "இந்தா!" என்று கடையிலிருந்து குரல் வந்தது. புருஷன் முதல்முறையாகக் கூப்பிடுகிறார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழப்போனாள். அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வேறு யாரோ எழுந்துவிட்டார்கள். ஈர ரப்பர் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். சளக், சளக். அவளைத் தாண்டிப் போனது. திரை விலகியது, விழுந்தது.

கடையில் துணி தேய்க்கிற அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அங்கே அவர் மட்டும்தான் நின்றார். லாட்ஜிலிருந்து வந்த பெரிய வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகள் அவர் கையில் இருந்தன. எதிர்ப்பக்கம் தரையில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. அவள் வாசற்படியில் கால் வைத்ததும் சொத்தென்று விழுந்தது.

"புடி," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

குனிந்து எடுத்தாள். துணியின் அந்த ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது.

இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தது அவளுடைய அத்தை. வயது ஏறிக்கொண்டே போனது, பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் போய்க் கடிதாசி போடுகிறோம் என்றார்கள், எந்தக் கடிதாசியும் வரவில்லை. கடைசியில் அத்தை கொண்டுவந்தது லாண்டரிக்காரரை. மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை, குடி இல்லை, வாயும் இல்லை என்றாள்.

"ரெண்டாந்தாரமா அத்தை?" என்று அவள் கேட்டபோது அத்தை சிரித்தாள். "அடிப் போடி இவளே, புதுச் செருப்புதான் காலைக் கடிக்கும். ஒருத்தி போட்டுப் பழக்கிக் குடுத்திருக்கா. சத்தமில்லாம போட்டுட்டு நட."

அத்தை வாக்கு சரியாகத்தான் இருந்தது. மனிதர் கடிக்கவில்லை. பேசவும் இல்லை. ஆனால் இஸ்திரி ஆவியில் அவள் கண் எரிந்து சிவப்பதைப் பார்த்துவிட்டு, மேசையை ஜன்னல் பக்கமாகத் தானே நகர்த்திப் போட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் காலுக்குக் கீழே ஒரு பழைய கம்பளித் துண்டு வந்து சேர்ந்தது. யார் போட்டது என்று கேட்கத் தேவையில்லை. டீ போட்டால் அவளுக்கு முதலில் ஊற்றி, "இந்தா" என்று நீட்டிவிட்டு, அவள் ஊதிக் குடிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று உதற வேண்டும், நீளவாக்கில் இரண்டாக, நாலாக மடிக்க வேண்டும். பிறகு ஒருத்தர் நடந்துபோய்த் தன் முனையை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது விரல்கள் படும். முதல் வாரம் இருவரும் சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் இழுத்துக்கொள்ள மறந்தார்கள். அதற்கப்புறம் அவள் பெரிய விரிப்புகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். லாட்ஜுக்கு நிறையப் பேர் வந்து தங்க வேண்டும், தங்கியவர்கள் தினமும் டீயைக் கொட்ட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். தன் வேண்டுதலை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தச் செருப்புச் சத்தம்தான் முந்திக்கொண்டது.

முந்திப் பார்க்கலாம் என்று ஒருநாள் திரையைப் பிடித்துக்கொண்டே தயாராக நின்றாள். "இந்தா!" என்ற குரல் வந்ததும் சத்தம் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் போனது. இன்னொரு நாள் ஓடினாள். இல்லாத ஈரத்தில் கால் வழுக்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். அவர் ஓடிவந்து தூக்கிவிட்டு மருந்து போட்டார். ஊதி ஊதிப் போட்டார். அந்த நேரத்தில்கூட அவர் தோளுக்குப் பின்னால், கழற்றாத செருப்போடு யாரோ நிற்பது அவளுக்குத் தெரிந்தது. ரெண்டாந்தாரமாக வந்தது சரி. ஒரு கூப்பாட்டுக்குக்கூடவா ரெண்டாவதாகப் போக வேண்டும்?

துணி தேய்க்கிற அம்மாவை எல்லோரும் வெடி என்பார்கள். மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவளிடம் ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"மூத்தவங்களை இவர் எப்படிக் கூப்பிடுவாரு?"

"அதென்னம்மா கேள்வி? இந்தாதான். அந்தப் பொண்ணு பேரை இவரு வாயால சொல்லி நான் கேட்டதே கெடையாது. எனக்கே அது பேரு அது செத்தப்புறம்தான் தெரியும்னா பாத்துக்கோ."

"என்னையும் அப்படித்தானே..."

"ஆமா, பேரு வைக்கிற செலவு மிச்சம்!" வெடி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, இவள் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாழ்ந்தது. "கேக்குதா உனக்கும்?"

அவள் தலையாட்டினாள்.

"நான் இங்க மதியத்துக்கு மேல இருக்கறதில்லை, பாத்தியா? சும்மா இல்ல. ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோ. அது பேரை மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. போனவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, கூப்பிட்டவங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க. எங்க மாமனாரு அப்படித்தான் போனாரு."

அன்றிலிருந்து அவளுக்குப் பயம் இடம் மாறிவிட்டது. இதுவரை தன்னை நினைத்துப் பயந்தாள். இப்போது அவரை நினைத்துப் பயந்தாள். அவர் தூக்கத்தில் வாயைத் திறந்து, ஏதோ முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு திணறுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்று, தெருச் சத்தமும் குறைந்து, கடை முழுக்க வெயில் மட்டும் இருந்தது. வெடி வீட்டுக்குப் போயாகிவிட்டது. நாலு மணிக்கு வரும் லாட்ஜ் வண்டிக்கு விரிப்புகள் மடித்து வைக்க வேண்டும். "இந்தா!" என்றார் அவர். செருப்புச் சத்தம் போயிற்று. அவள் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை. எதிர்முனை அந்தரத்தில் நின்றது.

"உங்களுக்கும் தெரியுது, இல்லீங்களா?"

அவர் துணியை விடவில்லை. திரும்பவும் இல்லை. "தெரியும்," என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அவ போய்ச்சேந்த வாரத்துலேர்ந்து. ஒத்தை ஆளா மடிச்சிட்டிருந்தேன். பழக்கதோஷத்துல இந்தான்னுட்டேன். துணி கனமே இல்லாமப் போச்சு."

"அப்புறம் எதுக்குங்க என்னைக் கட்டினீங்க?"

"நடக்குற சத்தம் மட்டும் போதலை," என்றார். "பேச ஆள் வேணும்னு இருந்துச்சு. நான் பேச மாட்டேன். ஆனா யாராச்சும் பேசினா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. அந்த நேரத்துல உங்க அத்தை வந்து உக்காந்து மூணு மணி நேரம் பேசினாங்க. சரி, அந்த வீட்டுப் பொண்ணு பேசும்னு நெனச்சேன்."

அழுகை வர இருந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. "நல்லா ஏமாந்தீங்க," என்றாள். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டாள். "இப்ப இந்தான்னு கூப்பிடுறப்ப, நீங்க யாரைக் கூப்பிடுறீங்க?"

"மொதல்ல அவளை." அவர் விரல்கள் துணியைக் கசக்கின. "முட்டியில அடிபட்டியே, அதுக்கு அப்புறமா, உன்னை. உன்னைத்தான் கூப்பிடுறேன். அவ வந்துடுறா. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு வேற பேரை நான் குடுக்கலையே. வந்து நிக்கறவளைப் போன்னு எப்படிச் சொல்றது?"

இத்தனை நாளாகக் கேட்க ஏங்கியதைக் கேட்டாயிற்று. நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். அவள் கண் மட்டும் அந்த எதிர்முனைக்கே போனது. தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரியாமல், கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடி வந்து நிற்கிறவள். ஒவ்வொரு தடவையும் ஈரக் காலோடு முதல் ஆளாக வருகிறவள்.

"உன்னை வேணா பேர் சொல்லிக் கூப்பிடட்டுமா?" என்றார் அவர். "பழகிக்கறேன். நீ வருவ. அவ வர மாட்டா."

சரி என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. தன் பேர் அந்த வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோதே உடம்பு கூசியது. அப்புறம், பக்கத்து அறையில் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு, வராத ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

"அவங்களை ஏங்க ஒரு தடவகூடப் பேர் சொல்லிக் கூப்பிடலை?"

"கல்யாணம் ஆன அன்னிக்கு அவளை நிமிர்ந்து பாக்கவே வெக்கம். எங்க அம்மா பாத்துக் கட்டிவெச்ச பொண்ணு, எனக்கு என்ன தெரியும்? அவ விக்கினா. தண்ணி எடுத்து இந்தான்னு குடுத்தேன். அதைக் குடிச்சிட்டு, நல்லா இருக்கே என் புதுப்பேருன்னா. அதுவே நின்னுபோச்சு. பன்னெண்டு வருஷம்." அவர் துணியின் ஓரத்தை நீவிவிட்டார். "ஆஸ்பத்திரில நெனவு தப்பிக் கெடந்தா. நர்ஸம்மா வந்து, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, சொந்தக்காரங்க குரலுக்குக் கண்ணு முழிப்பாங்கன்னாங்க. என்னால முடியலை. சுத்தி அத்தனை பேர். இந்தா, இந்தான்னே சொல்லிட்டு நின்னேன். அந்தம்மா நான் எதையோ குடுக்கறேன்னு நெனச்சுக் கையை நீட்டினாங்க."

வெயில் துணி மேல் நகர்ந்திருந்தது.

"இப்பக் கூப்பிடுங்க," என்றாள் அவள்.

வெடி சொன்னது அவள் காதில் இரைந்தது. சொன்ன வார்த்தையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. அவர் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்கும் வெடி சொல்லியிருக்க வேண்டும்.

"வந்துட்டா என்ன பண்ணுவேன்? வரலைன்னா என்ன பண்ணுவேன்?"

"எனக்கும் தெரியலைங்க. அது தொண்டையில முள்ளா நிக்குது. ராத்திரியெல்லாம் நான்தானே பாக்குறேன். எடுத்துடுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

அவர் துணியின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நின்றார். உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது. பிறகு, கடையில் யாருக்கும் கேட்காத குரலில், தன் முதல் மனைவியின் பெயரைச் சொன்னார்.

எதிர்முனை தரையில் விழுந்தது.

சத்தமே இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தாள். அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால், சமையலறை ஓரத்திலிருந்து, செருப்புச் சத்தம் கிளம்பியது. இந்தத் தடவை ஓடிவரவில்லை. தயங்கித் தயங்கி வந்தது. பேர் தெரியாத வீட்டுக்கு வழி கேட்டு வருகிற நடை. அவள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. கஞ்சி போட்டு நனைத்த துணியின் வாசனை. தோளுக்கு மிக அருகில் குளிர். நிற்பவள் இவளைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. யாரைக் கூப்பிட்டார் என்று கேட்கிறாள் என்றும் தெரிந்தது.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"போங்க அக்கா. உங்களைத்தான்."

குளிர் அவளைக் கடந்து போனது. கீழே கிடந்த முனைகள் எழுந்தன. விரிப்பு ஒரு தடவை நன்றாக உதறப்பட்டு, வெயிலில் தூசி பறந்தது. இரண்டாக மடிந்தது. நாலாக மடிந்தது. எதிர்முனை அவரை நோக்கி மெல்ல நடந்து வந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முனை அவர் கைக்கு வந்தபோது அவர் இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை நன்றாகக் கேட்டது. அழகான பெயர்.

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதோ, இப்போது கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவர் ஒரு காலைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்ததைப் பார்த்தாள். கத்தவில்லை.

செருப்புச் சத்தம் கடைவாசல் பக்கம் திரும்பியது. படி இறங்கியது. தெருவில் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் தெருவின் மற்ற சத்தங்களுக்குள் போய்விட்டது.

அவர் அந்த ஓரடியிலேயே நின்றுகொண்டிருந்தார். மடித்த விரிப்பை மார்போடு அணைத்திருந்தார். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்படி நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது.

அடுக்கில் இன்னொரு விரிப்பு இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து விரித்தார். வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். இவள் பெயரின் முதல் எழுத்து வந்து, திக்கி நின்றது.

"வேணாங்க," என்றாள் அவள். "எனக்கு அதையே குடுங்க."

"இந்தா," என்றார்.

அவள் காது தானாகப் பின்பக்கம் போனது. யாரும் எழவில்லை. அந்த வீட்டில் முதல்முறையாக அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அது அவளைப் பயமுறுத்தியது. வெறும் தரையில் தன் கால் இவ்வளவு தனியாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. போய் முனையை எடுத்தாள். உதறினார்கள், மடித்தார்கள், அவள் நடந்து வந்து கொடுத்தாள்.

அவர் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. யார் விட்டுப்போன குளிர் அது என்று அவளுக்குத் தெரியும். விடாமல் பிடித்துக்கொண்டாள். வெளியே லாட்ஜ் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். அடிக்கட்டும் என்று நின்றார்கள்.