சந்துபொந்தில் வெந்த ஜாடிகள்

வட கரோலினாவின் இந்தக் களிமண் பக்கத்தில் குயவர்கள் விவாகரத்து செய்துகொண்டாலும் ஊரை விட்டுப் போவதில்லை. மண் இங்கேதானே இருக்கிறது. வெர்லீனும் ஹாய்ட்டும் பிரிந்தபோது வீடு அவளுக்கு, விறகுச் சூளை அவனுக்கு என்று ஆனது. சூளை இல்லாமல் சக்கரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹாய்ட் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னான். அவனுடைய பெரிய ஜாடிகளை அடுக்கியபின் மிஞ்சும் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு.

அதற்காகத்தான் அவள் கட்டைவிரல் உயரத்தில் ஜாடி செய்ய ஆரம்பித்தாள். பெரிய மண்கட்டியைச் சக்கரத்தில் ஏற்றி, உச்சியில் மட்டும் துளி குழித்து, உதடு மடக்கி, நூலால் அறுத்து எடுப்பாள். உடனே அடுத்தது. ஜனங்கள் ஆசை ஆசையாக வாங்கினார்கள், பெயரும் வந்தது. ஏன் இத்தனை சின்னது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

இந்த வசந்தத்தில் பலகை நிறைய ஜாடிகளோடு போனால், ஹாய்ட்டின் புது மனைவி ரோடா சூளைக்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள். சந்துகளில் எல்லாம் அவள் செய்த உப்புக் கிண்ணங்கள்.

“இடம் எனக்குன்னு சொன்னியே?” என்றாள் வெர்லீன்.

“மிஞ்சினா உனக்குன்னு சொன்னேன். இந்தத் தடவை மிஞ்சல.” ஹாய்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கோவிச்சுக்காதீங்க, எனக்கு இப்பதான் கை படியுது” என்றாள் ரோடா. நல்லவள்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

வெர்லீன் பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவன் பிரிந்து போனபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. சக்கரத்தில் மண் தயாராக இருந்தது. உச்சியில் விரல் வைத்தவள் எடுத்துவிட்டாள். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, கட்டி முழுவதையும் அடிவரை குழித்து ஒரே ஜாடியாக எழுப்பினாள்.

மறுநாள் ஹாய்ட் வந்தான்.

“ரோடாகிட்ட பேசிட்டேன். என் ஜாடி ஒண்ணுக்குள்ள ஒரு டஜன் வெச்சுக்கலாம், எடுத்துட்டு வா.” அப்போதுதான் மேஜைமேல் இருந்த முழங்கால் உயர ஜாடியைப் பார்த்தான். “இது எங்க நுழையும்?”

“இது எங்கயும் நுழையாது. இதுக்குள்ளதான் மத்தது நுழையும். ஊர்க்கோடி ஓடெல் கிழவன் சூளையில பாதி இடம் கேட்டேன், தரேன்னுட்டான்.”

“பாதியா?”

“கேட்டதும் தந்தான். நான்தான் இத்தனை வருஷம் யாரையும் கேக்கல.”

ஹாய்ட் ஜாடியின் உதட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். பழக்க தோஷம். “சுவர் தடிப்பா இருக்கே.”

“இருக்கும். பெரிசு பண்ணி மறந்துபோன கை. அடுத்தது மெலிசா வரும்” என்று சொல்லிவிட்டு, அவள் புதுமண்ணைப் பிசைய உட்கார்ந்தாள்.